எந்தக் கரையில் துண்டை விரிப்பது?

பிரான்சில், துலூஸ் நகரத்தில் எங்கள் அலுவலகக் காபி மெஷின் பக்கத்தில், ஜூன் பிறந்துவிட்டால் ஒரே பேச்சுதான்: கோடை விடுமுறைக்கு எங்கே? கணக்குப் பிரிவில் ஓய்வு பெறும் வயதில் ஒரு அம்மா இருக்கிறார். "நாங்கள் எப்போதும் போல நிர்வாணக் கடற்கரைக்குத்தான்" என்றார் ஒரு நாள். நம் ஊரில் "மே மாசம் கொடைக்கானல்" என்று சொல்வோமே, அதே தொனி. நான்தான் சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரிக்கத் தெரியாதவள் மாதிரி நின்றேன்.

அது நான்கு வருடத்துக்கு முந்தைய கதை. அப்புறம் நானும் என் கணவரும் மத்தியதரைக் கடலோரத்தில் அப்படி மூன்று இடங்களுக்குப் போய் வந்துவிட்டோம். ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. ஆனாலும் எப்படியோ தெரிந்துகொண்டு தோழிகள் தனியாக அழைத்துக் கேட்கிறார்கள்: "நாங்களும் ஒரு தடவை போய்ப் பார்க்கலாம்னு இருக்கோம்டி, எங்கே போறது?" ஒவ்வொருத்திக்கும் ஒரு மணி நேரம் போனில் சொல்லி மாளவில்லை. எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் ஒரு சொல். இந்தக் கரைக்காரர்கள் துணி உடுத்திய மனிதர்களுக்கு வைத்திருக்கும் பெயர் 'டெக்ஸ்டைல்'. நமக்கு டெக்ஸ்டைல் என்றால் திருப்பூரும் ஈரோடும்; அவர்களுக்கு அது நீச்சலுடையைக் கழற்றாத ஆள். "அந்தப் பக்கம் டெக்ஸ்டைல் கரை, இந்தப் பக்கம் நம் கரை" என்று சர்வ சாதாரணமாகச் சொல்வார்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் செய்த முதல் தப்பு, மணலையும் தண்ணீரின் நீலத்தையும் படத்தில் பார்த்து ஒப்பிட்டது. பார்த்திருக்க வேண்டியது, அங்கே டெக்ஸ்டைல்களுக்கு என்ன விதி என்பதைத்தான். சில கரைகளில் துணியோடு இருக்கவே கூடாது. சிலவற்றில் அவரவர் இஷ்டம். வேலி போட்டு, வாசலில் பெயர் எழுதி உள்ளே விடும் முகாம்கள் இன்னொரு ரகம். போகிற அனுபவத்தில் முக்கால்வாசி இந்த விதியிலேயே முடிவாகிவிடுகிறது.

எங்கள் வீட்டில் பேச்சுவார்த்தை ஒரு நிபந்தனையோடு தொடங்கியது. "நான் வர்றேன், ஆனா டிராயரைக் கழட்ட மாட்டேன்" என்றார் இவர். சரி, அப்படியானால் அவரவர் இஷ்டம் என்கிற கரைதான். துலூஸிலிருந்து 400 கிலோமீட்டர் தூரத்தில் பார்சிலோனா. ஏற்கெனவே ஒரு வாரக்கடைசிக்குப் போவதாகத் திட்டம் இருந்ததால், அங்கே உள்ள மார் பெல்லா கடற்கரையில் ஒரு மதியம் என்று முடிவு செய்தோம்.

ஸ்பெயினில் சட்டம் தாராளமானது. சர்வாதிகாரி பிராங்கோ காலத்தில் கடலோரத்தில் உடுப்பைப் போலீஸ்காரர் அளந்த நாடு அது. 1988-இல் 'பொது இடத்தில் ஒழுக்கக்கேடு' என்ற குற்றத்தையே சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். வெறுமனே ஆடையில்லாமல் இருப்பது நாடு முழுவதற்குமான குற்றமாக இப்போது இல்லை. ஆனால் நகராட்சிகள் தனியாக விதி போடலாம். பார்சிலோனா 2011-இல் போட்டது: தெருவில் நிர்வாணமாகத் திரிந்தால் 500 யூரோ வரை அபராதம், நீச்சலுடையோடு கடைத்தெருவில் நடந்தாலும் 300 யூரோ வரை அபராதம். ஆகவே மணலைத் தாண்டும் முன் முழுசாக உடுத்திக்கொள்ள வேண்டும். இதை மறந்து, இடுப்பில் ஈரத் துண்டோடு ஐஸ்கிரீம் வாங்கக் கிளம்பிய ஒரு ஜெர்மன்காரரை அவர் மனைவி ஓடிப்போய்ப் பிடித்து இழுத்து வந்ததைப் பார்த்தேன்.

மார் பெல்லாவின் சௌகரியங்களுக்குக் குறைவில்லை. 1992 ஒலிம்பிக்கை ஒட்டி அந்த நகரம் தன் கடலோரத்தையே புதுப்பித்தபோது ஒழுங்குபடுத்திய கரைகளில் ஒன்று இது. மஞ்சள் வழி மெட்ரோவில் போப்ளேநோ நிலையத்தில் இறங்கி நடந்தால் போதும். கட்டணம் கிடையாது. நிர்வாணப் பகுதி மற்றதிலிருந்து கொஞ்சம் ஒதுங்கி இருக்கிறது. ஆனாலும் ஓட்டப் பயிற்சிக்காரர், சைக்கிள்காரர், நாயோடு வருபவர் என்று பின்னால் நகரம் போய்க்கொண்டே இருக்கும்.

நான் துண்டை விரித்து, கண்ணை மூடி, ஒரு வழியாகப் படுத்துவிட்டேன். இவர் டிராயரோடு பக்கத்தில் உட்கார்ந்து, காவல்காரர் மாதிரி கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் போயிருக்கும். "செர்வேசா, அக்வா, பீர்!" என்று கூவிக்கொண்டு ஒரு தள்ளாட்ட நடை வந்தது. அந்தக் கரையில் குளிர்பானம் விற்பவர்களில் பலர் நம் துணைக்கண்டத்து ஆட்கள். நான் கண்ணைத் திறந்தேன். அந்தப் பையன் என் நிறத்தைப் பார்த்தான், உடனே தலையைத் திருப்பித் தொடுவானத்தில் ஒரு கப்பலைப் பார்த்தபடி, "தீதி, பானி?" என்றான்.

தீதி! அக்கா! ஊர்பேர் தெரியாத நூறு ஐரோப்பியர் நடுவில் வராத கூச்சம், அந்த ஒரு சொல்லில் உச்சந்தலைக்கு ஏறியது. அவன் மேல் எந்தத் தப்பும் இல்லை, பாவம். கப்பலிலிருந்து பார்வையை எடுக்காமலே பாட்டிலை நீட்டினான், காசை வாங்கினான், போனான். அவ்வளவு மரியாதையான பையன். ஆனால் அடுத்த அரை மணியில் நான் உடுத்திக்கொண்டுவிட்டேன்.

விருப்பக் கரைதான் புதியவர்களுக்குச் சுலபம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆழம் பார்த்து இறங்கலாம், பிடிக்காவிட்டால் உடுத்திக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு நேர்மாறாகத்தான் ஆனது. துணி உள்ளவரும் இல்லாதவரும் கலந்த இடத்தில், இல்லாதவர் ஒரு காட்சியாகிவிடுகிறார். ஒரு தடவை போனைத் தூக்கிய ஒரு சைக்கிள்காரரைப் பார்த்ததும், எடுப்பது நம்மையா கடலையா என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். அதோடு நிம்மதி போயிற்று. பையையும் பார்த்துக்கொள்ள வேண்டும், திருட்டுக்குப் பெயர் போன கரை. பாக்கெட்டே இல்லாதவளிடம் பிக்பாக்கெட் என்ன செய்வான் என்று முதலில் சிரித்தேன், ஆனால் பை முழுசாகப் போகும் என்று அப்புறம்தான் உறைத்தது.

மார் பெல்லாவை யாருக்குச் சொல்வேன் என்றால், ஜோடியில் ஒருவருக்குத்தான் ஆசை, மற்றவர் உடுப்பைத் தொடவும் மாட்டார் என்கிற வீட்டுக்கு. அதோடு, பார்சிலோனாவுக்கு எப்படியும் போகிறவர்களுக்கு. இதற்காகவே மெனக்கெட்டுப் போகத் தேவையில்லை.

அடுத்தது பிரான்சிலேயே, மத்தியதரைக் கடலோரத்தில் உள்ள காப் தாக்த். துலூஸிலிருந்து இரண்டு மணி நேரம்தான். உலகத்தின் மிகப் பெரிய நிர்வாணக் குடியிருப்பு எது என்ற பேச்சு வந்தால் முதலில் வரும் பெயர் இது. 1950-களில் ஒல்த்ரா என்ற குடும்பம் தங்கள் நிலத்தில் கூடாரக்காரர்களுக்கு இடம் கொடுத்ததில் ஆரம்பித்தது. 1960-களில் பிரெஞ்சு அரசு லாங்குதொக் என்ற அந்தக் கடலோரப் பகுதியையே சுற்றுலாவுக்காகக் கட்டி எழுப்பியபோது இந்தக் கூடாரத் திடலும் ஊராக வளர்ந்தது. இப்போது அங்கே லாட வடிவத்தில் ஒரு பிரம்மாண்டக் குடியிருப்பு, படகுத்துறை, பேக்கரி, சூப்பர் மார்க்கெட் எல்லாம் உண்டு. கோடை உச்சத்தில் 40,000 பேர் வரை இருப்பார்கள் என்று சொல்கிறார்கள். நம்மூர்க் கணக்கில் ஒரு தாலுகா தலைநகரமே துணியில்லாமல் நடமாடுவது மாதிரி.

வாசலில் சுங்கச்சாவடி போல ஒரு இடம். ஆளுக்கும் வண்டிக்கும் கட்டணம் கட்டி அனுமதி வாங்க வேண்டும். கடற்கரை பொது நிலம் என்பதால், பக்கத்து ஊரான மர்செயானின் கரையிலிருந்து மணலோடு நடந்தே வந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஊருக்குள் புகைப்படம் கூடாது. கடற்கரையில் நிர்வாணம் கட்டாயம்.

அந்தக் 'கட்டாயம்' என்ற சொல்லைப் பார்த்துத்தான் இவர் வரமாட்டேன் என்றிருந்தார். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, நான் காரிலேயே எல்லாவற்றையும் பேசி முடித்து அழைத்துப் போனேன். டிராயரோடு மணலில் காலை வைத்தார். அம்மணமானவர்கள் ஊரில் கோவணம் கட்டினவன் பைத்தியக்காரன் என்று பாட்டி சொன்னதை இத்தனை நாள் பழமொழி என்று நினைத்திருந்தேன். அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். இரண்டு கிலோமீட்டர் கரையில் கண்ணுக்கெட்டியவரை துணியோடு இருந்த ஒரே மனிதர் இவர்தான். எல்லோரும் இவரைத்தான் பார்த்தார்கள். எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் இரும்புக் குண்டு உருட்டும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, "ஐயா, குளிர்கிறதா?" என்று அக்கறையாக விசாரித்தார். அடுத்த இரண்டாவது நிமிடம் டிராயர் பைக்குள் போய்விட்டது. அதற்கப்புறம் இவரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அட, இதுக்குத்தான் இவ்வளவு யோசிச்சேனா!" என்று அவரே சொன்னார்.

எனக்கும் அங்கேதான் முதல் முதலாக மறந்துபோனது. எதையோ எடுக்கக் குனிகிறோம், மணலைத் தட்டுகிறோம், கடலுக்குப் போகிறோம், உடம்பு என்ற நினைப்பே வரவில்லை. பேக்கரியில் வரிசையில் நின்றபோது மட்டும் சிக்கல். காசை எங்கே வைப்பது? முடிந்துவைக்க முந்தானை இல்லை, செருக மடி இல்லை. எனக்கு முன்னால் நின்ற பெண்மணி கழுத்தில் ஒரு சின்னப் பை தொங்கவிட்டிருந்தார். பின்னால் நின்றவர் உள்ளங்கையிலேயே சில்லறையை இறுக்கிப் பிடித்திருந்தார். ரொட்டி வாங்கி முடித்ததும் அந்த நீள ரொட்டியை எப்படிப் பிடித்துக்கொள்வது என்பது இன்னொரு கேள்வி. சிரிப்பு வந்துவிட்டது.

அப்படியானால் காப் தாக்த் போதுமே, ஏன் மேலே தேட வேண்டும்? சாயங்காலத்தால்தான். பகலில் தாத்தா பாட்டிகள் குண்டு உருட்டும் அதே ஊர், இருட்டியதும் வேறு முகம் காட்டுகிறது. ஜோடி மாற்றிக்கொள்கிற கூட்டத்துக்கும் அவர்களுக்கான கிளப்புகளுக்கும் பெயர்போன இடம் அது. கரையிலும் அவர்களுக்கென்று வழக்கமாகிப்போன ஒரு பகுதி இருக்கிறது. வயது வந்தவர்கள், அவரவர் சம்மதம், நான் யார் கருத்துச் சொல்ல. ஆனால் தெரியாமல் போய் நிற்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். பிரெஞ்சுச் சட்டமும் இந்த இரண்டையும் பிரித்துத்தான் பார்க்கிறது. ஊராட்சி அனுமதித்த கரையில் ஆடையின்றி இருப்பது குற்றமில்லை. பிறர் பார்க்கப் பாலியல் செய்கை என்றால் ஓராண்டுச் சிறையும் 15,000 யூரோ அபராதமும் வரை போகலாம். நிர்வாணம் என்றால் அதுதான் என்று நினைக்கிறவர்களின் நினைப்பை இந்த ஊர் கொஞ்சம் மெய்யாக்கிவிடுகிறது என்பது, மற்ற நிர்வாணக் கரைக்காரர்களுக்கே இதன் மேல் உள்ள வருத்தம். எங்கள் கணக்குப் பிரிவு அம்மா இந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே உதட்டைச் சுளிப்பார்.

காற்றையும் சொல்ல வேண்டும். த்ராமொந்தான் என்ற வடமேற்குக் காற்று கிளம்பிவிட்டால் மணல் ஊசியாகக் குத்தும். துணியில்லாதவருக்கு அது இரட்டைத் தண்டனை. கரையோரத்துச் சூடான தண்ணீரைக் காற்று கடலுக்குள் தள்ளிவிட, கீழிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். நேற்றுக் குளித்த அதே கடலா என்று இருக்கும்.

அங்கே போகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கி, காப் தாக்தில் உள்ள அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடுங்கள். நிர்வாணக் குடியிருப்புக்கு வெளியே இருக்கிறது, உடுத்திக்கொண்டுதான் போக வேண்டும். 1964-இல் ஆக்த் நகரத்தை ஒட்டி ஓடும் எரோ ஆற்றுக்குள் கிடைத்த வெண்கல இளைஞன் அங்கே நிற்கிறான். கிரேக்கச் சிற்பம், இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழசு. தோளில் ஒரு சின்ன மேலாடை, மற்றபடி ஒன்றுமில்லை. அவனைச் சுற்றிச் சட்டை பேண்ட் போட்ட கூட்டம் நின்று வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது, எனக்குப் பிடித்தது: லெவான் தீவு.

பிரான்சின் தென்கிழக்கே உள்ள இயேர் நகரத்துக்கு எதிரே கடலில் மூன்று பெரிய தீவுகள். கிழக்கே இருப்பது லெவான். 1931-இல் துர்வில் என்ற பெயருள்ள டாக்டர்கள், அண்ணன் தம்பி இருவர், வெயிலும் காற்றும் எளிய சாப்பாடும்தான் மருந்து என்று நம்பி அங்கே எலியோபோலிஸ் என்ற குடியிருப்பைத் தொடங்கினார்கள். சூரிய நகரம் என்று பொருள். பிரான்சின் நிர்வாண ஊர்களில் மூத்தது இதுதான். வேடிக்கை என்னவென்றால் தீவின் 90 சதவீதம் ராணுவத்தின் கையில் இருக்கிறது. ஏவுகணைச் சோதனைத் தளம். மிச்சமிருக்கும் ஓரத்தில் இவர்கள். ஒரு பக்கம் முள்வேலியும் 'உள்ளே வராதே' பலகையும். வேலிக்கு இந்தப் பக்கம் தொப்பி மட்டும் போட்ட ஒரு மாமா கத்தரிக்காய்ச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார்.

போவது கொஞ்சம் சிரமம். துலூஸிலிருந்து 500 கிலோமீட்டர் அளவுக்குக் கார். அப்புறம் லெ லவந்து அல்லது இயேர் துறைமுகத்தில் வண்டியை விட்டுவிட்டுப் படகு. மிஸ்த்ரால் காற்று பலமாக அடித்தால் படகு நேரமெல்லாம் மாறும். திரும்பும் நாளை விமான டிக்கெட்டோடு கட்டிப்போடாதீர்கள். துறையில் இறங்கியதும் மேட்டில் ஏற வேண்டும், செங்குத்தான பாதை. சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு வந்த ஒரு பெண்மணி பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். முதுகுப்பைதான் சரி.

இங்கே விதி இடத்துக்கு இடம் மாறும். குகைக் கடற்கரை என்று அவர்கள் சொல்கிற சின்ன மணல் கரையில் நிர்வாணம் கட்டாயம். ஊர்ப் பாதைகளில் அவரவர் விருப்பம். துறையிலும் ஊர் நடுவே உள்ள சதுக்கத்திலும் மட்டும் எதையாவது கட்டிக்கொள்ள வேண்டும். அந்த 'எதையாவது' என்பதற்கு அங்கே 'மினிமம்' என்றே பெயர். கயிற்றில் கோத்த ஒரு முக்கோணத் துணி. கடையில் விற்கிறார்கள். இவர் அதைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது எங்க தாத்தா வயலுக்குக் கட்டிட்டுப் போனதுதானே? இதுக்கா இந்த விலை?" என்றார். வாங்கவும் செய்தார்.

ராத்திரியில் தெருவிளக்கு கிடையாது. ஊர் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். சாப்பிட்டுவிட்டுத் தங்குமிடத்துக்குத் திரும்ப டார்ச் வேண்டும். முதல் நாள் எங்களிடம் இல்லை. போன் வெளிச்சத்தில் தடவித் தடவி நடந்தோம். ஒரு இடத்தில் அதையும் அணைத்துவிட்டு நின்றோம். யூகலிப்டஸ் மாதிரி ஏதோ ஒரு வாசனை, கீழே பாறையில் கடல். சின்ன வயதில் மின்வெட்டு ராத்திரிகளில் மொட்டை மாடியில் பார்த்த அளவுக்கு நட்சத்திரம். அன்றைக்குத்தான் இவர், "அடுத்த வருஷமும் வரலாம்" என்றார், நான் கேட்காமலே.

குறைகளையும் சொல்கிறேன். மணல் மிகக் கொஞ்சம். மற்றதெல்லாம் பாறை, பாறையில் துண்டை விரித்து, அங்கிருந்து நேராக ஆழத்தில் இறங்க வேண்டும். நீச்சல் தெரியாதவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம். மேடும் பள்ளமுமாக இருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்களும் யோசிக்க வேண்டும். கடைகள் குறைவு, விலை அதிகம், ஏனென்றால் எல்லாமே படகில் வர வேண்டும். குளிர்காலத்தில் அங்கே தங்குகிறவர்கள் நூறு பேர் அளவுக்குத்தான். பாதிக் கடை மூடிக் கிடக்கும். ஜூனும் செப்டம்பரும்தான் சரியான மாதம்.

நான்காவது, நான் இன்னும் போகாத குரோஷியா. கணக்குப் பிரிவு அம்மா முப்பது வருடமாகப் போவது அங்கேதான், இஸ்திரியா தீபகற்பத்தில் வ்ர்சார் ஊருக்குப் பக்கத்தில் உள்ள கோவெர்சாதா முகாமுக்கு. 1961-இல், யூகோஸ்லாவியா காலத்திலேயே தொடங்கியது. கம்யூனிஸ்ட் அரசுக்கு ஜெர்மன் மார்க் தேவைப்பட்டது, ஜெர்மன்காரர்களுக்கு வெயில் தேவைப்பட்டது. இரண்டும் சந்தித்த இடம் அது என்பார் அவர். சாலைப் பலகைகளில்கூட 'சுதந்திர உடல் பண்பாடு' என்பதன் ஜெர்மன் சுருக்கமான எஃப்.கே.கே. என்றே போட்டிருக்குமாம். இதைவிடப் பழைய கதை ராப் தீவில் இருக்கிறது. 1936 கோடையில் இங்கிலாந்து மன்னர் எட்டாம் எட்வர்ட் தன் காதலி வாலிஸ் சிம்சனோடு வந்து, அங்கே ஒரு கரையில் ஆடையில்லாமல் நீந்த ஊர் நிர்வாகத்திடம் அனுமதி வாங்கினார் என்று ராப்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அந்த டிசம்பரில் அவர் அரியணையையும் கழற்றி வைத்துவிட்டார்.

ஒப்பிட்டால், முகாம் வாழ்க்கைக்குக் குரோஷியாதான். வேலிக்குள் கூடாரம், வேன், சிறு குடில் எதிலும் தங்கலாம். டென்னிஸ், கடை, சாப்பாடு எல்லாம் உள்ளேயே. குடும்பமாக வருகிறவர்கள் அதிகம், சாயங்காலக் கூத்து கிடையாது. தண்ணீர் கண்ணாடி. ஆனால் கரை கூழாங்கல்லும் பாறையும் சிமெண்டுத் தளமும்தான். கடல் முள்ளெலிகள் உண்டு, ரப்பர் செருப்பில்லாமல் இறங்க முடியாது. உடம்பில் துணியில்லை, காலில் மட்டும் செருப்பு. அந்த அம்மாவின் கணவர் அதைத்தான் 'ஊர் சீருடை' என்பாராம். எங்களுக்குத் தூரம்தான் தடை, காரில் 1,300 கிலோமீட்டருக்கு மேல். ஒரு வாரத்துக்குக் குறைந்து போவதில் அர்த்தமில்லை. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வருகிறவர்களுக்கு ஒரு சேதி: 2023 ஜனவரி 1 முதல் குரோஷியாவும் ஷெங்கன் வட்டத்துக்குள் வந்துவிட்டது, யூரோவும் வந்துவிட்டது. இந்த நான்கு இடங்களுக்கும் ஒரே விசா போதும்.

மற்றவற்றைச் சுருக்கமாக. தெற்கு ஸ்பெயினில் அல்மேரியா பக்கம் உள்ள வேராவில் தெருத்தெருவாக நிர்வாணக் குடியிருப்புகள். 2013-இல் 729 பேர் ஒன்றாகக் கடலில் இறங்கிக் கின்னஸ் சாதனை செய்த ஊர். சமதளம், அகலமான மணல், வயதானவர்களுக்கு வசதி. எங்களுக்கு அதுவும் 1,100 கிலோமீட்டர். கிரேக்கத் தீவுகளில் பல கரைகளில் கண்டுகொள்ள மாட்டார்கள், ஆனால் சட்டப்படியான அனுமதி வேறு, கண்டுகொள்ளாமல் விடுவது வேறு. கோயிலும் குடும்பங்களும் பக்கத்தில் இருந்தால் உடுத்திக்கொள்வதுதான் மரியாதை. இத்தாலியில் ரோமுக்குப் பக்கத்தில் கபோகோத்தா மாதிரி அனுமதி பெற்ற கரைகள் உண்டு. அனுமதியில்லாத இடத்தில் அபராதம் போடுவார்கள். அதே கடலின் வட ஆப்பிரிக்கக் கரையில் இதை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

எங்கே போனாலும் மாறாத சில விஷயங்கள். துண்டு இல்லாமல் எங்கேயும் உட்காரக் கூடாது. நாற்காலி, பெஞ்சு, உணவகம் எதுவானாலும் முதலில் துண்டு, அப்புறம்தான் நாம். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்து வளர்ந்த நமக்கு இது ஒன்றுதான் ஏற்கெனவே தெரிந்த பாடம். போனைப் பையை விட்டு எடுக்காதீர்கள். முறைத்துப் பார்ப்பதும் வேண்டாம், வலிந்து வானத்தைப் பார்ப்பதும் வேண்டாம். முகத்தைப் பார்த்து வணக்கம் சொன்னால் போதும். தனியாக வரும் ஆண்களைச் சேர்க்கத் தயங்கும் முகாம்கள் இருக்கின்றன, முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெயில். "நம்ம தோலுக்கு ஒண்ணும் ஆகாது" என்று நானும் நினைத்தேன். நாற்பது வருடமாக வெயிலே பார்க்காத தோல் எந்த நிறமாக இருந்தால் என்ன, காய்ந்துவிடும். காப் தாக்தில் காற்று குளிர்ச்சியாக அடித்ததால் எனக்குச் சூடே உறைக்கவில்லை. திரும்பி வரும்போது இரண்டு மணி நேரமும் காரில் ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்து வந்தேன். இன்னொன்று தாலிச் சங்கிலி. அதைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. மத்தியான வெயிலில் தங்கம் சுடும் என்பது எந்தக் கடற்கரைக் குறிப்பிலும் இல்லை. லெவானில் பாறையில் புரண்டு படுத்தபோது பதறி எழுந்தேன். பக்கத்துத் துண்டுக்காரப் பாட்டி தன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டி, சங்கிலியை நனைத்துக்கொள்ளச் சொன்னார். அவர் கழுத்திலும் ஒரு சிலுவை தொங்கிக்கொண்டிருந்தது, ஈரமாக.

ஆகவே தோழிகளுக்கு என் பதில் இது. கணவரோ மனைவியோ உடுப்பைக் கழற்றவே மாட்டார் என்பது உறுதியா? மார் பெல்லா, ஒரே ஒரு மதியம். கழற்றுவார், ஆனால் தயக்கம் என்றால் நேராகக் கட்டாயக் கரைக்கே போய்விடுங்கள். தயக்கம் பத்து நிமிடத்தில் தீரும். பக்கத்தில் ஒரு நாள் மட்டும் என்றால் காப் தாக்த், பகலில் போய் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். இரண்டு இரவு ஒதுக்க முடியும், நீந்தத் தெரியும், முழங்கால் ஒத்துழைக்கும் என்றால் லெவானை விட வேறு இடம் பார்க்காதீர்கள். பத்து நாள் விடுமுறையும் பிள்ளைகுட்டியும் சமையல் சாமானும் இருந்தால் குரோஷியா.

நாங்கள் இந்த ஜூனுக்கு மறுபடி லெவானில் மூன்று இரவு போட்டிருக்கிறோம். டார்ச் வாங்கியாயிற்று. இவர் நேற்று அலமாரியைக் கலைத்துப்போட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தார். அந்த முக்கோணம்தான். கடைசியில் குளிர்கால உடுப்புகளுக்கு நடுவே, ஒரு கம்பளிக் கையுறைக்குள் சுருண்டு கிடந்தது.